பொழுதுபோக்குப் படங்களும் வருமானமும்: வாசகர் கேள்வி-பதில்

ஒளிப்படக்கலையைப் பொழுதுபோக்காகக் கொண்ட வாசகர்கள் பலர், அதிலிருந்து ஓரளவேனும் பணம் ஈட்ட வழியுண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சில கடிதங்களுக்கு இம்முறை விடையளிக்கிறோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஒரு பள்ளி ஆசிரியை. காலை நடையின்போது எடுத்த சூரிய உதயம், மலர்கள், மேகங்கள் ஆகியவற்றின் படங்கள் ஆயிரக்கணக்கில் என்னிடம் இருக்கின்றன. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். இணையத்தில் படம் விற்கும் தளங்களில் இவற்றை ஏற்றினால் மாதந்தோறும் ஒரு தொகை வருமா?

பதில்: ஏற்றலாம், ஆனால் மாதந்தோறும் ஒரு தொகை வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்டாக் தளங்கள் எனப்படும் இந்தத் தளங்கள் படத்தை விற்பதில்லை, படத்தைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தையே விற்கின்றன. ஒரே படத்துக்கு நூறு பேர் உரிமம் வாங்கலாம். ஒவ்வொரு முறையும் எடுத்தவருக்கு ஒரு பங்கு வந்துசேரும். படத்தின் காப்புரிமை அவரிடமே இருக்கும். 2000-ஆம் ஆண்டில் ஐஸ்டாக்ஃபோட்டோவும் 2003-இல் ஷட்டர்ஸ்டாக்கும் தோன்றிய பிறகுதான், தொழில்முறைக் கலைஞர் அல்லாதவர்களுக்கும் இந்தச் சந்தையின் கதவு அகலமாகத் திறந்தது. ஷட்டர்ஸ்டாக்கின் நிறுவனர் தாமே எடுத்த ஏறத்தாழ 30,000 படங்களைக் கொண்டு அந்தத் தளத்தைத் தொடங்கினார் என்பதைக் கவனித்தால், இங்கே ஒரு படம் ஈட்டித் தருவது சொற்பம் என்பதும், எண்ணிக்கை பெருகினால்தான் வருமானம் கண்ணில் படும் என்பதும் விளங்கிவிடும்.

பங்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். அடோபி ஸ்டாக் என்ற தளம் படங்களுக்கு 33 விழுக்காடு தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020-ஆம் ஆண்டில் கொண்டுவந்த முறைப்படி 15 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக 40 வரை ஏறலாம். ஆனால் ஜனவரி முதல் நாளன்று எல்லோரும் மீண்டும் கீழ்ப்படிக்கே இறங்கிவிட வேண்டும். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சந்தா கட்டி மொத்தமாகப் பதிவிறக்குகிறவர்கள் என்பதால், இந்த விழுக்காடுகள் மிகச் சிறிய தொகைகளின் விழுக்காடுகளாகவே அமையும். விதிகள் மாறக்கூடியவை, சேரும் நாளில் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

இனி, உங்கள் உதயங்களைப் பற்றி. பாராட்டுகிறவர் வேறு, வாங்குகிறவர் வேறு. அழகான படம் ஒன்று வேண்டும் என்று எண்ணித் தேடுகிறவர் ஸ்டாக் தளத்துக்கு அரிதாகவே வருகிறார். முதியோர் நலம் பற்றிய கையேட்டுக்கு, மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பெட்டியில் பிரித்து வைக்கும் ஒரு கையின் படம், அதிலும் ஒரு பக்கத்தில் தலைப்பு அச்சிட வெற்றிடம் உள்ள படம் வேண்டும் என்று தேடுகிறவரே வருகிறார். உதயமும் மேகமும் அங்கே ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. போதாததற்கு, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களையும் அப்படியே அடையாளமிட்டு ஏற்றலாம் என்று அடோபி ஸ்டாக் 2022 இறுதியில் அறிவித்துவிட்டது; கேமராவே இல்லாதவரும் இன்று உதயத்தை உண்டாக்கிவிடுகிறார். பசும்புல் மேடும் நீல வானமுமாக விண்டோஸ் எக்ஸ்பியின் திரையில் உலகம் முழுவதும் பார்த்த படமும் 1996-இல் எடுக்கப்பட்டு ஒரு பட நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருந்ததுதானே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதை எடுத்த சார்லஸ் ஓரியர் அனுபவம் மிக்க தொழில்முறைக் கலைஞர் என்பதையும், அப்படியொரு அதிர்ஷ்டத்தை வைத்து வரவுசெலவுத் திட்டம் போட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீங்கள் ஆசிரியை. வகுப்பறை என்னும் இடம் எப்படி இருக்கும், ஆய்வுக்கூடத்தில் குடுவையை எப்படிப் பிடிப்பார்கள், திருத்திய விடைத்தாள் எப்படித் தோன்றும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்குத் தளத்தில் படம் ஏற்றும் பலருக்குத் தெரியாது. அங்கிருந்து தொடங்குங்கள். பழைய தொகுப்பிலிருந்து ஐம்பது படங்களை மட்டும் கடுமையாகத் தேர்ந்தெடுத்து அனுப்பிப் பாருங்கள். குறிச்சொற்களை அலட்சியப்படுத்த வேண்டாம். வாங்குகிறவர் உங்கள் படத்தைக் கண்டுபிடிக்கும் முதன்மையான வழி அவைதான். அடோபி ஸ்டாக் ஒரு படத்துக்கு 49 சொற்கள் வரை ஏற்கிறது, ஆனால் முதலில் வரும் சொற்களுக்கே எடை அதிகம். மலர் படத்துக்கு ‘அழகு’, ‘இயற்கை’ என்று எழுதுவதைவிட அம்மலரின் தாவரவியல் பெயரை எழுதுவது நூறு மடங்கு பயன் தரும். படம் திருப்பி அனுப்பப்பட்டால் மனம் தளர வேண்டாம். குவியம் சற்றே பிசகியிருப்பது, இருண்ட பகுதிகளில் புள்ளிகள் பூத்திருப்பது, மூலையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் சின்னம் தெரிவது, ஒன்றுபோலவே பத்துப் படங்கள் அனுப்பியிருப்பது ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

கேள்வி: தெருவிலும் சந்தையிலும் மனிதர்களைப் படமெடுப்பதே என் விருப்பம். அவர்களுடைய அனுமதியின்றி அந்தப் படங்களை விற்கலாமா?

பதில்: எதற்காக விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு பொருளையோ சேவையையோ விளம்பரப்படுத்தும் வணிகப் பயன்பாட்டுக்கு, அடையாளம் காணக்கூடிய ஒவ்வொருவரிடமிருந்தும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். படிவம் இல்லாத படத்தை ‘செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வகையில் தளங்கள் ஏற்பதுண்டு. நாளிதழ், கட்டுரை, பாடநூல் போன்றவற்றுக்கு அது பயன்படும், ஆனால் விலைபோகும் வாய்ப்புக் குறைவு. பொது இடத்தில் படம் எடுப்பது பற்றிய சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. முகம் தெரியாமல் கைகள், பின்புறம், நிழலுரு என்று எடுக்கப் பழகினால் பெரும்பாலான சிக்கல்கள் தாமே விலகிவிடும். எனினும், எளிதில் அடையாளம் தெரியும் பச்சை குத்தல், தனித்த ஆடை ஆகியவற்றையும் சில தளங்கள் அடையாளமாகவே கொள்கின்றன.

கட்டடங்களுக்கும் இது பொருந்தும். ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்தை விற்கத் தடையில்லை. ஆனால் இரவில் அதன்மேல் ஒளிரும் விளக்கமைப்பு தனியொரு கலைப்படைப்பாகக் கருதப்படுவதால், அந்தப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும் என்கிறது அதை நிர்வகிக்கும் நிறுவனம்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். பூச்சிகளை மட்டுமே படமெடுக்கிறேன். பெரும்பாலானவற்றின் பெயரும் பழக்கமும் எனக்குத் தெரியும். ‘பூச்சிப் படத்தை யார் வாங்குவார்கள்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன விடை சொல்வது?

பதில்: இம்முறை வந்த கடிதங்களிலேயே பணம் ஈட்டும் வாய்ப்பு மிகுந்தது உங்களுடையது என்று வீட்டாரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

படத்தை விட, படத்தோடு சேர்ந்து வரும் அறிவுக்கே இங்கு விலை. வண்டு ஒன்றை அழகாக எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அது எந்த இனம், ஆணா பெண்ணா, எந்தச் செடியில் எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது என்று உறுதியாகக் குறிப்பெழுதக்கூடியவர் ஒரு சிலரே. பாடநூல் வெளியிடுவோர், கள வழிகாட்டி நூல் தொகுப்போர், வேளாண் கையேடு அச்சிடுவோர், அருங்காட்சியகப் பலகை தயாரிப்போர் ஆகிய எவருக்கும் பெயர் தவறான படம் பெரும் தலைவலி. எனவே நம்பத்தகுந்த குறிப்புள்ள படத்துக்கு அவர்கள் ஸ்டாக் தளத்தின் தொகையை விடக் கூடுதலாகத் தரத் தயாராக இருப்பார்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்று ஒரே இனத்தின் வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் தொடராக எடுத்து வைத்திருந்தால் அதன் மதிப்பு தனித்தனிப் படங்களின் கூட்டுத்தொகையை விட அதிகம். பயிரைத் தாக்கும் பூச்சியோடு, அது கடித்த இலையின் தோற்றத்தையும் எடுத்து வையுங்கள். வேளாண் வெளியீடுகளுக்குப் பூச்சியை விட அந்தச் சேதத்தின் படமே பெரும்பாலும் தேவைப்படுகிறது.

இந்த வழிக்கு நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. பாரிஸ் நகரில் வாழ்ந்த ஈஜீன் அட்ஜே (1857–1927) நடிப்புத் தொழிலைக் கைவிட்டு ஒளிப்படத்துக்கு வந்தவர். தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளாமல், ‘கலைஞர்களுக்கான ஆவணங்கள்’ என்று வாசலில் பலகை மாட்டிக்கொண்டு, ஓவியர்களுக்கும் நாடக அரங்கம் அமைப்போருக்கும் தேவைப்படக்கூடிய கதவுப் பிடிகள், மாடிப்படிகள், கடை முகப்புகள், மரங்கள், இடியவிருந்த பழைய வீடுகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி எடுத்து விற்றார். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அவரிடம் வாங்கின. 1920-ஆம் ஆண்டில் பழைய பாரிஸ் பற்றிய ஏறத்தாழ 2,600 நெகட்டிவ்களைப் பிரெஞ்சு அரசு அமைப்பு ஒன்றுக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். இன்று உலகம் அவரைப் பெருங்கலைஞர் என்று கொண்டாடுகிறது. அன்று அவருக்குச் சோறு போட்டது வாங்குபவரின் தேவையை அறிந்து அடுக்கி வைத்த அந்த ஒழுங்குதான்.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் படக் கோப்புகளுக்குள்ளேயே இனப்பெயர், இடம், நாள், காப்புரிமையாளர் பெயர் ஆகிய விவரங்களைப் பதிவு செய்யுங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் அதற்கென்றே பகுதி உள்ளது. பிறகு இனவாரியாக ஒரு பட்டியல் தயாரித்து, பத்து மாதிரிப் படங்களுடன் பதிப்பாளர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். ‘என்னிடம் நல்ல படங்கள் உள்ளன’ என்று எழுதுவதை விட, ‘இந்த இன்னின்ன இனங்களின் படங்கள் உள்ளன’ என்று எழுதும் கடிதத்துக்கே பதில் வரும். உரிமம் கொடுக்கும்போது எந்த நூலுக்கு, எத்தனை படிகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, மின்னூலும் உண்டா என்பவற்றை எழுத்தில் வரையறுத்துவிட்டால், அதே படத்தை வேறொருவருக்கும் கொடுக்க முடியும். ‘எல்லா உரிமைகளும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்திடும் முன் தொகையை மறுபடி பேசுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தம் திருமணத்துக்கு என்னையே படமெடுக்கச் சொல்கிறார். எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு வேறொன்று. திருமணத்தை மறுபடி நடத்த முடியாது. மெமரி கார்டு ஒன்று பழுதானாலோ கேமரா இடையில் நின்றுவிட்டாலோ என்ன செய்வீர்கள் என்பதற்கு விடை இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு கேமரா உடல்கள், இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் வசதி, உபரி மின்கலங்கள், மங்கிய அரங்கில் ஃப்ளாஷைக் கூரையில் பட்டுத் தெறிக்கும்படி வைத்து எடுக்கும் பழக்கம் ஆகியவை இல்லாமல் முதன்மைப் பொறுப்பை ஏற்பது நட்புக்கே ஆபத்து. தொழில்முறைக் கலைஞர் ஒருவரை முதன்மையாக வைத்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் இரண்டாமவராக நின்று விருந்தினரையும் இயல்பான கணங்களையும் எடுப்பது நல்ல ஏற்பாடு. சிலர் அதற்கும் ஊதியம் தருவதுண்டு. குடும்பப் படங்கள், கைவினைப் பொருள்களின் விற்பனைக்கான படங்கள் போன்ற, தவறினால் மறுநாள் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைகளில் முதலில் பழகுங்கள்.

தொகைக்கு வருவோம். புதியவர்கள் படமெடுக்கும் நேரத்தை மட்டுமே எண்ணுகிறார்கள். ஐந்து மணி நேரம் படமெடுத்து 150 படங்களைக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் திருத்த நான்கு நிமிடம் என்றால் அதுவே பத்து மணி நேரம். நூற்றுக்கணக்கானவற்றிலிருந்து அந்த 150-ஐத் தேர்ந்தெடுக்கும் நேரமும், போக்குவரத்தும், பேச்சுவார்த்தையும் அதற்கு மேல். ஆக ஐந்து மணி நேர வேலை என்று நினைத்தது இருபது மணி நேரத்தை நெருங்கிவிடும். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு வைக்கிறீர்களோ அதை இந்த மொத்த நேரத்தால் பெருக்கி, கருவித் தேய்மானத்தையும் நேரடிச் செலவையும் சேர்த்தால் வருவதே உங்கள் அடிப்படைத் தொகை. நண்பருக்குக் குறைத்துக் கொடுக்க விரும்பினால், முழுத் தொகையைக் காகிதத்தில் எழுதி அதன்கீழ் தள்ளுபடியைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் அனுப்பிவைக்கும் அடுத்த வாடிக்கையாளரும் அந்தக் குறைந்த தொகையையே உங்கள் விலையென்று எண்ணுவார். முழுவதையும் அன்பளிப்பாகக் கொடுப்பதிலும் தவறில்லை. பாதி அன்பளிப்பு, பாதி கூலி என்று இரு தரப்புக்கும் தெளிவில்லாமல் விடுவதுதான் மனக்கசப்பில் முடிகிறது. எத்தனை படங்கள், எந்த நாளுக்குள், எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அதற்குப் பிறகு கூச்சத்துக்கு வேலையிருக்காது.

கேள்வி: வருமானம் வர வேண்டுமானால் முதலில் விலையுயர்ந்த கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 12 மெகாபிக்சல் படம், அதாவது 4000-க்கு 3000 பிக்சல், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் ஏறத்தாழ 13-க்கு 10 அங்குலம் வரை அச்சாகும். ஒரு பத்திரிகையின் முழுப் பக்கத்துக்கு இது போதும். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகியவை கேட்கும் குறைந்தபட்ச அளவு 4 மெகாபிக்சல்தான். 1954-இல் ஒளிப்படத்துக்கான புலிட்சர் பரிசை வென்ற வர்ஜீனியா ஷாவ் தொழில்முறைக் கலைஞர் அல்லர். பாலத்திலிருந்து தொங்கிய லாரியின் ஓட்டுநரைக் கயிறு விட்டு மீட்ட காட்சியை எளிய பிரவுனி கேமராவில் எடுத்தவர். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் முக்காலி, ஒளியை மென்மையாக்கும் குடை, கூடுதல் ஹார்ட் டிஸ்க் என்ற வரிசையில் செய்யுங்கள். நீள்குவிய லென்ஸ் போன்றவற்றை ஒரு வேலைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, அந்தச் செலவை அந்த வேலையின் கணக்கிலேயே எழுதலாம்.

கேள்வி: சமூக ஊடகத்தில் நான் வெளியிட்ட படத்தை ஒரு நிறுவனம் கேட்காமலே விளம்பரத்தில் பயன்படுத்திவிட்டது. கேட்டால், ‘உங்கள் பெயரைப் போடுகிறோம்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்? இத்தகைய தொல்லையே இல்லாமல் போட்டிகளுக்கு மட்டும் அனுப்பினால் பாதுகாப்பா?

பதில்: படத்தைப் பொதுவில் வெளியிட்டதனால் அது பொதுச் சொத்தாகிவிடாது. 1886-இல் தோன்றிய பெர்ன் ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளில், எவ்விதப் பதிவும் இல்லாமலே படம் உருவான கணத்தில் காப்புரிமை பிறந்துவிடுகிறது. இன்று அந்நாடுகளின் எண்ணிக்கை 180-ஐத் தாண்டிவிட்டது. சில நாடுகளில் முறையாகப் பதிவு செய்திருந்தால் இழப்பீடு கோருவது எளிதாகும். முதலில் அந்த விளம்பரத்தை நாளுடன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேமரா பதிவு செய்த, திருத்தப்படாத மூலக் கோப்பான ரா கோப்பை அழிக்காதீர்கள், உரிமையாளர் நீங்கள்தான் என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை. பிறகு சினம் காட்டாமல், அத்தகைய பயன்பாட்டுக்கு நீங்கள் வழக்கமாகக் கேட்கும் உரிமத் தொகையைக் குறித்து ஒரு விலைப்பட்டியலை அனுப்புங்கள். பல நேரங்களில் சண்டைக் கடிதத்தை விட அது விரைவாகப் பலன் தரும். பெயர் போடுவது உங்கள் உரிமையை மதிப்பது மட்டுமே. அது கூலிக்கு ஈடாகாது. அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

போட்டிகளைப் பொறுத்தவரை, பரிசுத் தொகையைப் பார்க்கும் முன் விதிகளைப் பாருங்கள். ‘அனுப்பப்படும் அனைத்துப் படங்களையும் காலவரையின்றி, கட்டணமின்றி, எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தும் உரிமை அமைப்பாளருக்கு உண்டு’ என்ற வரியை எங்கேனும் கண்டால், அது போட்டியே அன்று, மலிவாகப் படம் திரட்டும் வழி. போட்டியைப் பற்றிய அறிவிப்புக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்று வரையறுக்கும் போட்டிகளும் உள்ளன, அவற்றுக்கு அனுப்பலாம். நுழைவுக் கட்டணம் கட்டிக் கட்டிப் பரிசு எதிர்பார்ப்பதை வருமான வழியாக மட்டும் எண்ண வேண்டாம்.

கேள்வி: அலுவலகத்தில் எனக்குக் கொடுத்துள்ள கேமராவில், வேலை நேரத்தில் தற்செயலாக எடுத்த நல்ல படங்களை விற்கலாமா?

பதில்: நிறுவனத்தின் எழுத்து அனுமதியின்றி விற்காதீர்கள். 1995-இல் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பின்போது, தீயணைப்பு வீரர் ஒருவர் குழந்தையை ஏந்தி நின்ற காட்சியை இருவர் ஏறத்தாழ ஒரே கணத்தில் எடுத்தார்கள். ஒருவர் வங்கி ஊழியர். தம் சொந்தக் கேமராவில் எடுத்தார், மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். மற்றவர் எடுத்தது அவர் பணியாற்றிய நிறுவனத்தின் கேமராவில், பணி நேரத்தில். படம் யாருடையது என்ற வழக்கில் நிறுவனமே வென்றது. உங்கள் சொந்தக் கருவியில், சொந்த நேரத்தில் எடுத்ததற்கும் உங்கள் பணி ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு ஏதேனும் உள்ளதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எப்போதாவது வரும் இந்தச் சிறு தொகைக்கும் வரி, கணக்கு எல்லாம் உண்டா?

பதில்: பெரும்பாலான நாடுகளில் பொழுதுபோக்கில் வந்தாலும் வருமானம் வருமானமே, வரம்பும் விகிதமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உள்ளூர்க் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஸ்டாக் தளங்கள் பணம் அனுப்பும் முன் வரிப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லும். அதை நிரப்பாமல் விட்டால் கூடுதலாகப் பிடித்தம் செய்துவிடலாம். வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு ஒன்றும், கருவி வாங்கிய ரசீதுகளுக்கு ஓர் உறையும் இன்றே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.